கேள்வி கேட்ட சிறுவன்

(திருக்குடும்பத் திருவிழா, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 2:41-52. வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய நற்செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பாஸ்கா விழா முடிந்து கூட்டம் ஊர் திரும்புகிறது. ஒரு நாள் பயணம் போன பிறகுதான் பிள்ளை கூட்டத்தில் இல்லை என்பது மரியாவுக்கும் யோசேப்புக்கும் தெரிகிறது. உறவினரிடம் கேட்கிறார்கள், தெரிந்தவர்களிடம் கேட்கிறார்கள். மீண்டும் எருசலேமுக்கு ஓடுகிறார்கள். மூன்று நாளுக்குப் பின் கோவிலில் காண்கிறார்கள். வழக்கமாக இந்த நாளில் நாம் பெற்றோரின் தவிப்பைப் பற்றிப் பேசுவோம். இயேசு நாசரேத்துக்குத் திரும்பிப் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்து நடந்ததைச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வோம். இரண்டும் நல்லதே. ஆனால் இந்தக் காட்சியில் நாம் அதிகம் கவனிக்காத சிலர் இருக்கிறார்கள். நற்செய்தியில் அவர்களுக்குப் பெயர் இல்லை. கோவிலில் அமர்ந்திருந்த போதகர்கள்தான் அவர்கள்.

அந்தப் பெரியவர்கள் நடுவில் 12 வயதுச் சிறுவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் சொல்வதைக் கேட்கிறார். அவர்களிடம் கேள்வியும் கேட்கிறார். "நீ யார் வீட்டுப் பிள்ளை? பெரியவர்கள் பேசும் இடத்தில் உனக்கென்ன வேலை?" என்று யாரும் விரட்டவில்லை. உட்கார இடம் கொடுத்தார்கள். கேள்விக்குக் காது கொடுத்தார்கள். பதிலைக் கேட்டு வியந்தும் போனார்கள். பின்னாளில் மறைநூல் அறிஞர்களோடு இயேசுவுக்கு எத்தனையோ வாக்குவாதங்கள் நடந்தன. ஆனால் சிறுவராக அவர் வந்து அமர்ந்தபோது, பெயர் தெரியாத இந்தப் போதகர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்கு மனம் உறுத்துகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோரப் பங்கில் நாங்கள் பணியாற்றினோம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலயத்தின் பக்கத்துக் கொட்டகையில் மறைக்கல்வி நடக்கும். ஒருநாள் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நோவாவின் பேழையைப் பற்றிப் பாடம். வெள்ளம் வந்தது, எல்லாம் அழிந்தது என்று சொல்லி முடித்ததும் ஒரு பையன் எழுந்தான். மீனவர் வீட்டுப் பிள்ளை. "ஃபாதர், வெள்ளத்துல மீன் சாகாதே. அப்போ மீன் மட்டும் பாவம் செய்யலியா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்று நின்றான். மறைக்கல்வித் தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்தது, இன்னும் ஐந்து பாடம் பாக்கி. "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே, பாடம் முடியும்வரை நின்றுகொண்டே இரு" என்றோம். நின்றான்.

தேர்வில் அவன் நல்ல மதிப்பெண்தான் வாங்கினான். அவனிடம் குறைந்தது மதிப்பெண் அல்ல, கேள்வி. அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்டதாக எங்களுக்கு நினைவில்லை. சில ஆண்டுகள் கழித்து உறுதிபூசுதலுக்கு ஆயத்தம் செய்தபோது ஒவ்வொருவராக அழைத்துப் பேசினோம். அவனிடமும் "ஏதாவது கேட்கணுமா, தம்பி?" என்றோம். தரையைப் பார்த்தபடி, "ஒண்ணும் இல்ல, ஃபாதர்" என்றான். அந்தச் சொல் இன்றும் எங்கள் காதில் இருக்கிறது. அதற்குப் பொறுப்பு அவன் அல்ல, நாங்கள்.

அன்புக்குரியவர்களே, இந்த உறுத்தலோடு இருந்த எங்களுக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கை பெரிய பாடமாக அமைந்தது. இன்று அவரைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம். அவர் நம் தமிழ் மண்ணில் வாழ்ந்தவர். பெயர் மரியா மாண்டிசோரி.

அந்தப் பெயரைப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் பார்த்திருப்பீர்கள். மழலையர் பள்ளி என்றும், கட்டணம் கூடுதலான பள்ளி என்றும் நினைத்திருப்பீர்கள். அது ஒரு மனிதரின் பெயர். 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில் போராடிப் படித்து, 1896இல் மருத்துவரானார். ரோமையில், மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கப் போனார். அங்கே நடந்த ஒன்றை அவரது வாழ்க்கை வரலாற்றில் சொல்வார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்களாம். பார்த்துக்கொண்ட பெண், "எவ்வளவு தின்றாலும் அடங்காத பேராசை" என்று அருவருப்போடு சொன்னார். மாண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுத்துப் பார்க்க, உருட்ட, அடுக்க அங்கே ஒரு பொருள்கூட இல்லை. பிள்ளைகளுக்கு இருந்தது வயிற்றுப் பசி அல்ல என்று அவருக்குப் புரிந்தது. அவர்களுடைய கையும் மனமும்தான் பசித்திருந்தன.

அந்தப் பிள்ளைகளின் கைக்கு வேலை கொடுத்துக் கற்பித்தார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரெல்லாம் பாராட்டியது. அவருக்கோ வேறொரு கவலை வந்தது: ஒதுக்கப்பட்ட இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்ய முடியுமானால், நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் எப்படிப் பாழாக்கிக்கொண்டிருக்கின்றன? இந்தக் கேள்வியோடுதான் 1907 ஜனவரி 6 அன்று, ரோமையின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற தம் முதல் பள்ளியைத் திறந்தார். அன்று திருக்காட்சிப் பெருவிழா. ஞானிகள் ஒரு குழந்தையின் முன் மண்டியிட்ட நாள். இன்று பணம் உள்ளவர்களுக்கான பெயராகிவிட்ட மாண்டிசோரி, பெற்றோர் வேலைக்குப் போய்விட, மாடிப்படிகளில் கவனிப்பாரற்றுத் திரிந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்பதை மறக்க வேண்டாம்.

நம் ஊருக்கு அவர் வந்தது 1939 நவம்பரில். பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தம் மகன் மரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்பது திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கிலேய அரசுக்கு இத்தாலியர் எல்லாரும் எதிரிகள். மகனைப் பிடித்து அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். தாயை அடையாற்றிலேயே இருக்கச் சொன்னார்கள். அவரது 70ஆம் பிறந்த நாளன்று, வைசிராய் மகனை விடுவித்துத் தாய்க்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பிவைத்தார். காணாமல்போன மகனைத் தேடிக் கண்ட மரியாவின் மகிழ்ச்சியை இன்று கேட்டோம். மரியா என்ற பெயர் கொண்ட இந்தத் தாயும் அந்த மகிழ்ச்சியை அறிந்தவர்.

விடுதலை கிடைத்தும் நாடு திரும்ப வழியில்லை. 1942 முதல் 1944 வரை தாயும் மகனும் கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கே பல வயதுப் பிள்ளைகள் அவரிடம் கூடினார்கள். 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றி அவர் அதுவரை நிறையக் கண்டிருந்தார். 6 முதல் 12 வரையான தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்ற அவரது சிந்தனை முதிர்ந்தது அந்த மலையில்தான். ‘அண்டக் கல்வி’ என்று அதற்குப் பெயர். இன்று உலகெங்கும் மாண்டிசோரி தொடக்கப்பள்ளிகளில் நடக்கும் வகுப்புகளுக்கு நம் கொடைக்கானல் ஒரு பிறப்பிடம். அங்கிருந்து 1944இல் இலங்கைக்கும் சென்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகம் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த ஆண்டுகளில், எதிரி நாட்டவர் என்று காவலில் வைக்கப்பட்ட ஒரு முதிய பெண்மணி, பிள்ளைகளோடு மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தார்.

இப்போது நற்செய்தியின் கடைசி வரிக்கு வருவோம். 12 வயது இயேசுவைப் பற்றிப் பேசிய லூக்கா, அவர் அதன்பின் நான்கு வகையில் வளர்ந்ததாக முடிக்கிறார். அறிவில் வளர்ந்தார். உடலில் வளர்ந்தார். இறைவனுக்குப் பிரியமானவராக வளர்ந்தார். மக்களுக்குப் பிரியமானவராக வளர்ந்தார். முழுப் பிள்ளையின் வளர்ச்சி என்றால் இதுதான். நம் வீட்டில் வரும் மதிப்பெண் அட்டையில் இந்த நான்கில் எத்தனை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று, அதுவும் அரைகுறையாக.

முதலில், அறிவு. 6 வயது தாண்டிய பிள்ளை மாறிவிடுகிறது. பால்பற்கள் விழுகின்றன. கன்னத்தின் உருண்டை குறைகிறது. அதுவரை "இது என்ன?" என்று கேட்ட பிள்ளை, "இது ஏன்? இது எப்படி?" என்று கேட்கத் தொடங்குகிறது. "முன்னாடியெல்லாம் சொன்ன பேச்சு கேட்பான் ஃபாதர், இப்போ எதுக்கெடுத்தாலும் ஏன், ஏன்னு எதிர்த்துக் கேட்கிறான்" என்று தாய்மார்கள் நம்மிடம் வந்து வருத்தப்படுவது இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான். மாண்டிசோரி அம்மையார் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. காரணம் தேடும் அறிவும், கண்ணால் காணாததை மனத்தில் காணும் கற்பனையும் விழித்துக்கொண்ட அடையாளம் அது என்றார். இந்த வயதுக்குச் சின்னச் சின்னத் தகவல்களைத் துண்டு துண்டாக ஊட்டினால் போதாது. முழு அண்டத்தையும் காட்டிவிட வேண்டும் என்பது அவர் வழி.

அதனால் ஆண்டின் தொடக்கத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பெரிய கதைகளைச் சொல்கிறார்கள். அண்டம் உண்டான கதை, உயிர்கள் வந்த கதை, மனிதர் வந்த கதை, எழுத்தின் கதை, எண்ணின் கதை என்று ஐந்து. முதல் கதைக்கு மாண்டிசோரி மரபில் வழங்கும் பெயர் ‘கைகள் இல்லாத கடவுள்’. கடவுளுக்கு நம்மைப்போல் கையில்லை, ஆனாலும் காற்றும் நீரும் கல்லும் அவர் வகுத்த விதிக்குக் கீழ்ப்படிந்து தம் வேலையைச் செய்கின்றன என்று அந்தக் கதை சொல்கிறது. சொல்வதோடு நிற்பதில்லை. ஒரு கண்ணாடிக் குவளையில் தேனும் நீரும் எண்ணெயும் ஊற்றிக் காட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் தன் கனத்துக்கு ஏற்ற இடத்தில் போய் அமைதியாக நிற்கிறது. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்க்கிறார்கள். பிறகு கேள்விகள் வருகின்றன. அந்தக் கேள்விகளே அந்த ஆண்டின் வேதியியலாக, புவியியலாக, வரலாறாகக் கிளைக்கின்றன.

படைப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு என்பதே அந்தக் கல்வியின் நடுநாடி. மாண்டிசோரி அம்மையார் பவளத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வார். ஆறுகள் கடலில் கொண்டுசேர்க்கும் சுண்ணாம்புச் சத்தைச் சின்னஞ்சிறு பவள உயிர்கள் எடுத்துத் தம் கூட்டைக் கட்டுகின்றன. தங்களுக்காக வாழும்போதே, தங்களை அறியாமல் கடலையும் சீராக்குகின்றன. நம் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் உண்டு. எங்களிடம் கேள்வி கேட்ட அந்தப் பையனின் அப்பா வலை வீசிய கடலும் அந்தப் பக்கம்தான். மீன் பாவம் செய்யலியா என்று அவன் கேட்டபோது, "நல்ல கேள்வி, தம்பி. மீன் பாவம் செய்யுமா? பாவம் என்றால் என்ன? மனிதனால் மட்டும் ஏன் பாவம் செய்ய முடிகிறது?" என்று நாங்கள் தொடங்கியிருக்கலாம். மீன் தன் பணியை மீறுவதில்லை, மீறும் சுதந்திரம் மனிதனுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற இடம்வரை அந்தப் பிள்ளைகளே வந்து சேர்ந்திருப்பார்கள். ஐந்து பாடங்களைவிடப் பெரிய பாடமாக அது இருந்திருக்கும். அதைத்தான் நாங்கள் நிற்கவைத்தோம்.

இரண்டாவது, உடல். பிள்ளை தலையால் மட்டும் படிப்பதில்லை, கையால் படிக்கிறது. கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைக்குத் தெரிவது பூஜ்யம் கூடுகிறது என்பதுதான். மாண்டிசோரி வகுப்பில் ஒரு மணியைக் கையில் கொடுக்கிறார்கள். பத்து மணிகள் கோத்த ஒரு கம்பி. அப்படிப் பத்துக் கம்பிகள் சேர்ந்த ஒரு சதுரம், அது நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கினால் ஒரு கனசதுரம், அது ஆயிரம். ஒன்று என்பது விரல் நுனியில் நிற்கிறது. ஆயிரம் என்பது கையில் கனக்கிறது. அதே ஆயிரம் மணியை ஒரே சங்கிலியாகக் கோத்தும் வைத்திருப்பார்கள். அதை விரிக்க வகுப்பறை போதாமல் வராந்தாவுக்குப் போய், முழங்காலில் நகர்ந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எண்ணிச் சீட்டு வைத்துக்கொண்டே போகும் பிள்ளைக்கு, ஆயிரம் என்றால் என்ன என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. எங்கேனும் தவறினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பதற்குமுன் சீட்டே காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.

வகுப்பைப் பெருக்குவதும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், மேசையைத் துடைப்பதும் அங்கே தண்டனை அல்ல, படிப்பின் பகுதி. நம் ஆண்டவர் நாசரேத்தில் தச்சராகக் கைவேலை செய்து வளர்ந்தார் என்று நம்பும் நாம், "நீ படிச்சா போதும், ஒரு வேலையும் செய்ய வேண்டாம்" என்று பிள்ளையிடம் சொல்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அந்தக் கையின் பசியை யார் தீர்ப்பது? கைப்பேசிதான் தீர்க்கிறது.

மூன்றாவது, மக்கள். 6 வயதுக்குமேல் பிள்ளைகள் கூட்டம் சேருகிறார்கள். இன்றைய நற்செய்தியிலேயே பாருங்கள். பிள்ளை பயணக் கூட்டத்தில் எங்கோ மற்றவர்களோடு வருகிறார் என்று நம்பி, மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் முழுவதும் நடந்திருக்கிறார்கள். அவர்கள் பொறுப்பற்ற பெற்றோர் அல்லர். அந்த வயதின் இயல்பை அறிந்து, கூட்டத்தையும் பிள்ளையையும் நம்பியவர்கள். மாண்டிசோரி தொடக்கப்பள்ளியில் 6 முதல் 9 வரை ஒரே அறை, 9 முதல் 12 வரை ஒரே அறை. பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்குப் பாதி தெரியாது என்று கண்டுகொள்கிறான். முதல் ரேங்க், கடைசி ரேங்க் என்ற வரிசை இல்லை. இருப்பதில்லை என்பதால் யாரையும் தள்ளிவிட்டு முன்னேறும் தேவையும் இல்லை.

இந்த வயதுப் பிள்ளைகள் ஓயாமல் புகார் சொல்வார்கள். "மிஸ், அவன் வரிசையில முந்துறான்." "ஃபாதர், அவ ரெண்டு மிட்டாய் எடுத்துட்டா." நமக்கு எரிச்சல் வரும். மாண்டிசோரி அம்மையார் கூர்ந்து பார்த்தார். அந்தப் பிள்ளை பெரும்பாலும் அடுத்தவனுக்கு அடிவாங்கித்தர வரவில்லை. இது சரியா, தப்பா என்று நம்மிடம் தெரிந்துகொள்ள வந்திருக்கிறது. மனச்சான்று முளைக்கும் நேரம் அது. "கோள் சொல்லாதே, போ" என்று விரட்டினால், நீதியைப் பற்றிய முதல் கேள்வியையே விரட்டுகிறோம். அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 என மூன்று முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. போரை நிறுத்துவது அரசியலின் வேலை, அமைதியைக் கட்டுவது கல்வியின் வேலை என்பது அவரது உறுதியான எண்ணம்.

நான்காவது, இறைவன். இதைத்தான் நாம் மறைக்கல்வி என்ற ஒரு மணி நேரத்துக்குள் அடைத்துவிட்டோம். மாண்டிசோரி அம்மையாரின் வழியைப் பின்பற்றி, ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனாவில் பிள்ளைகளுக்கென்று ஒரு சிற்றாலயம் அமைத்தார்கள். அவர்கள் உயரத்துக்கு ஏற்ற நாற்காலி, அவர்கள் கைக்கு எட்டும் தீர்த்தத் தொட்டி. அங்கே பிள்ளைகள் கோதுமை விதைத்தார்கள், திராட்சை வளர்த்தார்கள். திருப்பலிக்கு அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கையால் மண்ணைக் கிளறி அறிந்தார்கள். நற்கருணை என்றால் என்ன என்று ஒரு வரி மனப்பாடம் செய்த பிள்ளைக்கும், தான் விதைத்த கோதுமை பீடத்தில் அப்பமாவதைக் கண்ட பிள்ளைக்கும் எவ்வளவு வேறுபாடு! 1954இல் ரோமையில் சோஃபியா கவல்லெத்தி, ஜான்னா கோபி என்ற இரு பெண்மணிகள் இந்த வழியைத் தொடர்ந்தார்கள். ‘நல்லாயன் மறைக்கல்வி’ என்ற பெயரில் அது இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. அதில் ஆசிரியர் நிறையப் பேசுவதில்லை. உவமையைச் சொல்லிவிட்டுப் பிள்ளையோடு சேர்ந்து தாமும் வியந்து நிற்கிறார்.

இதையெல்லாம் கேட்டு, "ஃபாதர், அந்தப் பள்ளியில் சேர்க்க எங்களிடம் பணம் ஏது?" என்று நீங்கள் நினைப்பது எங்களுக்குத் தெரியும். பள்ளி மாற்றச் சொல்ல நாங்கள் வரவில்லை. மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதே முக்கியம். நம் அரசுப் பள்ளிகளிலேயே இதற்கு உறவான ஒரு முயற்சி நடந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் தமிழகம் முழுவதும் பரவிய ‘செயல்வழிக் கற்றல்’ உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அட்டைகளை எடுத்துத் தம் வேகத்தில் படித்தார்கள். சுவரின் அடிப்பகுதியில் அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை இருந்தது. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவமும் மாண்டிசோரியின் சிந்தனையும் அதற்கு ஊக்கம் தந்தன. குறைகளும் இருந்தன. பிள்ளைகள் அதிகம், ஆசிரியர் குறைவு, அட்டைகள் போதவில்லை என்று ஆசிரியர்கள் திணறினார்கள். முழுப் பிள்ளையை வளர்ப்பது மலிவான வேலை அல்ல. பணம் இல்லாவிட்டாலும் பொறுமை வேண்டும், நேரம் வேண்டும். பணத்தைவிட அவையே நம்மிடம் குறைவாக இருக்கின்றன.

ஆகவே இந்தத் திருவிழா நாளில் நாம் வீட்டுக்கும் பங்குக்கும் எடுத்துச்செல்லச் சில சிறிய காரியங்களைச் சொல்கிறோம். மாலையில் பிள்ளை வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்கும் முன், "இன்னைக்கு வகுப்புல நீ என்ன கேட்ட?" என்று கேளுங்கள். முதல் வாரம் பதில் வராது. விடாமல் கேளுங்கள். வீட்டில் ஒரு வேலையை முழுமையாகப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அது பயறு முளைகட்டுவதாக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை சட்டைகளை மடிப்பதாக இருக்கலாம். கோணலாகச் செய்தாலும் நீங்கள் பறித்துச் செய்யாதீர்கள். புகார் சொல்ல வரும் பிள்ளையிடம், "உனக்கு எது நியாயம்னு தோணுது?" என்று ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள். மறைக்கல்வி ஆசிரியர்களே, ஒவ்வொரு ஞாயிறும் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகளின் கேள்விக்கு ஒதுக்குங்கள். பதில் தெரியாவிட்டால், "தெரியலையே, நாம சேர்ந்து தேடலாம்" என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறையாது. ஆண்டுவிழாப் பரிசுகளில் முதல் மூன்று இடங்களோடு நிறுத்தாமல், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய பிள்ளையையும் மேடைக்கு அழையுங்கள்.

நாங்கள் எங்கள் பங்கிலே இதைத் தொடங்கியபோது பல வாரம் யாரும் கேட்கவில்லை. பத்து நிமிடம் அமைதியாகப் போயிற்று. அந்த அமைதி எங்களுக்குக் கிடைத்த தண்டனை என்று ஏற்றுக்கொண்டோம். ஒருநாள் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "இயேசு சாமி சின்னப் பிள்ளையா இருக்கப்போ அவருக்குப் பல்லு விழுந்துச்சா?" என்று கேட்டாள். அவளுடைய முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. இந்த முறை யாரையும் நிற்கவைக்கவில்லை. "விழுந்திருக்கும், அம்மா. உன்னைப்போல அவரும் வளர்ந்தாரே" என்றோம். இறைமகன் மனிதரானார் என்ற மறைபொருளை நாங்கள் இருபது ஆண்டுகள் பிரசங்கித்திருக்கிறோம். அவ்வளவு அருகில் வைத்து அதுவரை பார்த்ததில்லை.

அந்தக் கடலோரப் பையன் இப்போது வளர்ந்த மனிதர். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இந்த ஒலிபரப்பு அவர் காதில் விழுந்தால், தம்பி, உன் கேள்வி நல்ல கேள்வி. நாங்கள் செய்ததுதான் தவறு. மன்னித்துக்கொள். உன் பிள்ளைகள் கேட்டால் நிற்கவைக்காதே.

மாண்டிசோரி அம்மையார் 1952 மே 6 அன்று ஹாலந்தின் ஒரு கடலோர ஊரில் இறந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். கொடைக்கானலில் அவர் கண்ட பிள்ளை நம் வீட்டில் இன்றும் இருக்கிறது. பல் விழுந்து, முட்டி தேய்ந்து, ஏன் என்று கேட்டபடி இருக்கிறது. கோவிலின் போதகர்கள் கொடுத்த இடத்தை நாமும் கொடுப்போம்.

மன்றாடுவோம். நாசரேத்தில் வளர்ந்த ஆண்டவரே, அறிவிலும் உடலிலும், இறைவன் முன்னும் மக்கள் முன்னும் வளர்ந்தவரே, எங்கள் பிள்ளைகளைத் துண்டு துண்டாக அளந்த எங்களை மன்னியும். அவர்களுடைய கேள்விக்குச் செவியும், அவர்களுடைய கைக்கு வேலையும், அவர்களுடைய நட்புக்கு இடமும், அவர்களுடைய செபத்துக்கு அமைதியும் கொடுக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் அவசரத்தால் வாய்மூடிப்போன பிள்ளைகளை நீரே தேடிச் சென்று, உம் அருகில் உட்காரவைத்து, அவர்கள் கேட்க நினைத்ததைக் கேளும். மரியே, யோசேப்பே, தேடித் திரிந்த உங்கள் பொறுமையை எங்களுக்கும் பெற்றுத்தாருங்கள். ஆமென்.